வாஃபிள் மட்டும் வீட்டில் சுட்டால் போதுமா?

2005-ம் வருஷம், அக்டோபர் மாதக் கடைசி. நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் ஒரு ராத்திரி திடீரென்று தெருவெல்லாம் இனிப்பு வாசனை. சுடச்சுட எடுத்த வாஃபிள் மேல் யாரோ மேப்பிள் சிரப்பைக் கவிழ்த்தது மாதிரி. 2001 செப்டம்பருக்குப் பிறகு அந்த ஊர்க்காரர்களுக்கு எது வந்தாலும் பயம், நல்ல வாசனை வந்தாலும் பயம். நகர நிர்வாகத்தின் 311 எண்ணுக்கு போன் போட்டுத் தள்ளினார்கள். காற்றைச் சோதித்துப் பார்த்து, ஆபத்து ஒன்றும் இல்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். வாசனை போனது. கொஞ்ச நாள் கழித்து மறுபடி வந்தது. இப்படியே வருவதும் போவதுமாகக் கிட்டத்தட்ட மூன்றரை வருஷம். கடைசியில் 2009 பிப்ரவரியில் மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க் பத்திரிகையாளர்களைக் கூட்டி மர்மத்தை உடைத்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூஜெர்சியில் வாசனைப் பொருள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்று. அங்கே அரைபட்டுக்கொண்டிருந்தது வேறொன்றும் இல்லை, வெந்தயம்!

சாட்சாத் சாம்பாருக்கும் இட்லி மாவுக்கும் போடுகிற அதே வெந்தயம்தான். அதில் சோடோலோன் என்று ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. தூக்கலாக இருந்தால் மசாலா வாசனை. லேசாகக் காற்றில் கலந்தால் அப்படியே மேப்பிள் சிரப். வெந்தயம் நிறையச் சாப்பிட்டவர்களின் வியர்வை ஒரு மாதிரி இனிப்பாக மணக்குமே, அதுவும் இதே சமாசாரம்தான். செயற்கை மேப்பிள் வாசனை தயாரிப்பவர்களுக்கு வெந்தயச் சாறு ரொம்ப நாளாகக் கைகொடுத்து வருகிறது.

செய்தி வந்தபோது எல்லோரும் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய விஷயம் இது. ஒரு மாநகரமே மூக்கைத் தூக்கி "இது மேப்பிள்" என்று அடையாளம் சொன்ன வாசனைக்கும் மேப்பிள் மரத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. அந்த மூக்குகளைப் பழக்கியது மரமா, பிளாஸ்டிக் பாட்டிலா?

சரி, விஷயத்துக்கு வருவோம்.

மைதா, முட்டை, பால், வெண்ணெய் சேர்த்துக் கரைத்த மாவை, கட்டம் கட்டமாகக் குழி போட்ட இரண்டு சூடான தகடுகளுக்கு நடுவில் ஊற்றி, மூடிச் சுடுவது வாஃபிள். ஐரோப்பாவில் இடைக்காலத்திலிருந்தே உண்டு. அமெரிக்காவுக்கு டச்சுக்காரர்களோடு போய்ச் சேர்ந்தது. 1869 ஆகஸ்ட் 24-ம் தேதி நியூயார்க் மாநிலம் டிராய் நகரத்துக் கார்னீலியஸ் ஸ்வார்ட்அவுட் என்பவர் அடுப்பின் மேல் வைத்துத் திருப்பிச் சுடும் வாஃபிள் அச்சுக்குக் காப்புரிமை வாங்கினார். 1953-ல் கலிபோர்னியாவின் டோர்சா சகோதரர்கள் உறைய வைத்த வாஃபிளைக் கடைகளுக்குக் கொண்டுவந்தார்கள். அதுதான் எக்கோ. டோஸ்டரில் போட்டால் ரெடி. (இடையில் ஒரு துணுக்கு: ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மன் 1970-களின் தொடக்கத்தில் மனைவியின் வாஃபிள் அச்சில் ரப்பர் மாதிரிப் பொருளை ஊற்றிப் பார்த்ததில் பிறந்ததுதான் நைக்கியின் வாஃபிள் ஷூ. அந்த அச்சின் கதி என்னவென்று கேட்கக் கூடாது :-))

டோஸ்டர் வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாவு கரைக்கிற வீடுகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் நிறையவே உண்டு. வாரம் பூராவும் பாலில் சீரியலைக் கொட்டி நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஓடுகிறவர்கள், அன்றைக்கு மட்டும் முட்டையின் வெள்ளைக்கருவைத் தனியாகப் பிரித்து நுரைக்க அடிக்கிறார்கள், வெண்ணெய் உருக்குகிறார்கள், முதல் வாஃபிள் பிய்ந்து போனால் நாய்க்குப் போட்டுவிட்டு இரண்டாவதை ஊற்றுகிறார்கள். ஒரு மணி நேர வேலை. இவ்வளவும் செய்துவிட்டு, தட்டு மேஜைக்கு வந்ததும் அலமாரியிலிருந்து எடுப்பது எதை? பெரும்பாலான வீடுகளில், 'பான்கேக் சிரப்' என்று எழுதிய பிளாஸ்டிக் பாட்டிலை.

அந்தப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் வழக்கமாக இருப்பது இவ்வளவுதான்: கார்ன் சிரப், ஃப்ரக்டோஸ் கூட்டிய கார்ன் சிரப், தண்ணீர், கெட்டியாக்க ஒரு பசை, கேரமல் நிறம், கெடாமல் இருக்க ஒன்றிரண்டு, அப்புறம் 'வாசனை'. மேப்பிள்? தேட வேண்டியதில்லை, கிடையாது.

வீட்டில் சுட்ட வாஃபிளுக்கு இதை ஊற்றுவதைவிட, கடையில் வாங்கின உறைந்த வாஃபிளுக்கு நிஜ மேப்பிள் சிரப் ஊற்றுவது எவ்வளவோ மேல். இதைச் சொன்னால் கையால் சமைப்பதைப் புனிதமாக நினைப்பவர்களுக்குக் கோபம் வரும். ஆனால் கணக்கு அப்படித்தான் இருக்கிறது. வாஃபிள் என்பது அடிப்படையில் மைதா. அதற்கென்று தனி ருசி பெரிதாக ஒன்றுமில்லை. மொறுமொறுப்பு உண்டு, குழிகள் உண்டு. குழிகள் இருப்பதே ஏதாவது ஒன்று அதில் தேங்கி நிற்பதற்காக. தேங்கி நிற்பது போலி என்றால் அந்த ஒரு மணி நேரம் எதற்கு?

நிஜ சிரப் எப்படி வருகிறது என்று தெரிந்தால் இந்தக் கோபம் புரியும்.

பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. ராத்திரியில் தண்ணீர் உறைகிற குளிர், பகலில் உருகுகிற வெயில், இரண்டும் மாறி மாறி வர வேண்டும். அப்போதுதான் சர்க்கரை மேப்பிள் மரத்துக்குள் அழுத்தம் ஏறி இறங்கிச் சாறு ஓடும். சுமார் 40 வயதான, அடிமரம் 25 முதல் 30 சென்டிமீட்டர் பருமன் கொண்ட மரத்தில்தான் துளை போடலாம். அதில் ஒரு சின்னக் குழாயைச் செருகினால் சொட்டுச் சொட்டாக வடியும். முன்னே வாளி கட்டினார்கள், இப்போது பெரிய தோப்புகளில் மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் குழாய் ஓடுகிறது. பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும், குடித்தால் லேசான தித்திப்பு. சர்க்கரை ஏறக்குறைய 2 சதவீதம்தான். பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டகையில் அகலமான தொட்டியில் ஊற்றிக் கொதிக்க வைத்து, நுரை பொங்கினால் ஒரு துளி வெண்ணெய் போட்டு அடக்கி, தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4 டிகிரி செல்சியஸ் மேலே போகும் வரை காய்ச்ச வேண்டும். அப்போது சர்க்கரை 66, 67 சதவீதத்துக்கு வந்திருக்கும்.

வெர்மான்ட் மாநிலத்துக் காய்ச்சுபவர்களிடம் '86 விதி' என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. 86-ஐச் சாற்றிலுள்ள சர்க்கரைச் சதவீதத்தால் வகுத்தால், ஒரு கேலன் சிரப்புக்கு எத்தனை கேலன் சாறு வேண்டும் என்று வந்துவிடும். 2 சதவீதம் என்றால் 43. பொதுவாக 40-க்கு 1 என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு துளை ஒரு பருவத்துக்குத் தருவது சுமாராக 40 லிட்டர் சாறு, அதாவது 1 லிட்டர் சிரப். இதை ஒரு குடும்பக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். நாலு பேர், ஞாயிறுதோறும் ஆளுக்கு 30 மில்லி. வாரத்துக்கு 120 மில்லி. 52 வாரத்துக்கு 6.24 லிட்டர். அந்த வீட்டின் ஒரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளுக்கு, நாற்பது வயதான ஆறு மரங்களின் ஒரு வசந்த காலம் முழுசாக வேண்டும்.

காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்கள் கேட்பார்கள்: விலை அதிகம் என்பது தரம் அதிகம் என்பதற்கு ஆதாரமா? இல்லைதான். ஆனால் இங்கே விலை எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்க்க முடிகிறது. 39 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கிய விறகு, எண்ணெய், மின்சாரம், ராத்திரி முழித்திருந்த ஆள் கூலி. போலி பாட்டிலின் விலையில் பெரிய பங்கு எங்கே போகிறது? விளம்பரத்துக்கும், பாட்டிலின் உருவத்துக்கும்.

உருவம் என்றதும் ஒரு பழைய கதை. மேப்பிள் சர்க்கரையை ஐரோப்பியர்கள் கண்டுபிடிக்கவில்லை. அனிஷினாபே, ஹோடெனோஷோனி போன்ற பூர்வகுடி மக்கள் அவர்களுக்கு முன்பே எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு 1790-களில் அதற்கு ஒரு அரசியல் அர்த்தம் சேர்ந்தது. கரும்புச் சர்க்கரை மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளின் ரத்தத்தில் விளைந்தது. அதற்கு மாற்றாக மேப்பிள் சர்க்கரையை வளர்க்கலாம் என்று பிலடெல்பியாவின் டாக்டர் பெஞ்சமின் ரஷ் 1791-ல் தாமஸ் ஜெஃபர்சனுக்கு விவரமாக எழுதினார். ஜெஃபர்சன் உற்சாகமாகி மான்டிசெல்லோ எஸ்டேட்டில் மேப்பிள் கன்றுகளை நட்டார், அவை பிழைக்கவில்லை. (தன் எஸ்டேட்டில் அடிமைகளை வைத்துக்கொண்டே நட்டார் என்பது தனிப் பதிவுக்கான விஷயம்.) அடிமை வேலைக்கு மாற்றாகப் பார்க்கப்பட்ட இந்தப் பொருளின் போலியை, பிற்காலத்தில் எந்த முகத்தை ஒட்டி விற்றார்கள் தெரியுமா? ஆன்ட் ஜெமைமா. அடிமைக் காலத்துக் கறுப்பினச் சமையல்காரியைக் கேலியாக வரைந்த பிம்பம் அது. பான்கேக் மாவுக்காக 1889-ல் வந்த பெயர், 1966-ல் சிரப் பாட்டிலுக்கும் ஏறியது. 2021-ல்தான் அந்தப் பெயரை எடுத்தார்கள். உள்ளே இருக்கிற கார்ன் சிரப் அப்படியே தொடர்ந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்க உணவு விதிகளின்படி 'மேப்பிள் சிரப்' என்ற பெயரைப் போட வேண்டுமானால் அது மேப்பிள் மரச் சாற்றைச் சுண்ட வைத்ததாக இருக்க வேண்டும், கரைந்த திடப்பொருள் 66 சதவீதமாவது இருக்க வேண்டும். அதனால்தான் போலிகள் வெறும் 'சிரப்', 'பான்கேக் சிரப்' என்று போட்டுவிட்டு, மரவீடு, பனி, இலையுதிர் கால நிறங்கள் என்று படம் காட்டிச் சமாளிக்கின்றன. பெயரில் பொய் இல்லை; பொய் முழுக்கப் படத்தில். 2010-ல் ஒரு பிரபல பிராண்டு, வெர்மான்ட் விவசாயிகள் பயன்படுத்துகிற அதே கைப்பிடி ஜாடி மாதிரி ஜாடியில் 'முழுக்க இயற்கை' என்று போட்டு சிரப் விற்றபோது, அந்த மாநிலத்தார் மத்திய அரசு வரைக்கும் புகார் கொண்டுபோனார்கள். ஜாடிக்குப் போய் இவ்வளவு சண்டையா என்று தோன்றலாம். கடை அலமாரி முன் மூன்று விநாடி நிற்கிற வாடிக்கையாளர் பார்ப்பது ஜாடியை மட்டும்தானே?

இனி எதிர்க்கட்சி வாதங்கள்.

முதலாவது, காசு. போலியின் விலையோடு ஒப்பிட்டால் நிஜம் பல மடங்கு. மூன்று பிள்ளைகளுள்ள வீட்டில் ஒரு ஞாயிறு காலையில் அரை பாட்டில் காலியாகும்போது யார்தான் கணக்குப் பார்க்க மாட்டார்கள்? இதற்கு மறுப்பே இல்லை. வசதி இல்லாதவரைப் பார்த்து "நிஜத்தை வாங்கு" என்று சொல்வது அராஜகம். லாக் கேபின் என்ற பிராண்டு 1887-ல் தொடங்கியதே, சுத்த மேப்பிள் எல்லோருக்கும் கட்டுப்படியாகவில்லை, கரும்புச் சர்க்கரைப் பாகு கலந்து மலிவாகக் கொடுக்கலாம் என்றுதான். அந்தக் கலவையிலாவது மேப்பிள் இருந்தது. ஆனால் வாஃபிள் மேக்கரும், நல்ல வெண்ணெயும், ஆர்கானிக் முட்டையும் வாங்குகிற வீட்டுக்காரர் சிரப்பில் மட்டும் மிச்சம் பிடிப்பது என்ன சிக்கனம்?

இரண்டாவது, பழக்கம். சின்ன வயசிலிருந்து போலியையே சாப்பிட்டவர்களுக்கு நிஜம் தண்ணியாக, 'மேப்பிள் வாசனை கம்மியாக' தெரியும். மன்ஹாட்டன் மூக்கு மாதிரி நாக்கும் பழகிவிட்டது. பிடித்ததைச் சாப்பிடட்டும், தகராறு இல்லை.

மூன்றாவதுதான் கனமானது. நிஜ சிரப்பின் விலையும் முழுக்க இயற்கை வைத்த விலை இல்லை என்பது. உலக மேப்பிள் சிரப்பில் 70 சதவீதத்துக்கு மேல் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் விளைகிறது. அங்கே உற்பத்தியாளர் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது. 2004 முதல் யார் எவ்வளவு விற்கலாம் என்று கோட்டா. மொத்தமாக விற்பதென்றால் கூட்டமைப்பு வழியாகத்தான் விற்க வேண்டும். 2000-ல் தொடங்கிய சேமிப்புக் கிடங்கு வேறு. விளைச்சல் கூடினால் பீப்பாயில் அடைத்து வைப்பார்கள், குறைந்தால் எடுத்து விடுவார்கள். சப்ளையைப் பிடித்து விலையை நிறுத்துவது. கச்சா எண்ணெய்க்கு ஒபெக் என்றால் சிரப்புக்கு இவர்கள் என்று பத்திரிகைகள் எழுதுவதில் தப்பில்லை. கோட்டாவை மீறி வெளியே விற்ற விவசாயிகள் அபராதமும் வழக்குமாக அலைந்திருக்கிறார்கள். தன் மரம், தன் சாறு, தன் விறகு, ஆனால் தன் இஷ்டத்துக்கு விற்க முடியாது. அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியாது.

அந்தக் கிடங்குச் சரக்கின் மதிப்பு என்ன என்பதைத் திருடர்கள் காட்டினார்கள். 2011, 2012-ல் ஒரு வாடகைக் கிடங்கிலிருந்து சுமார் 3,000 டன் சிரப் களவு போனது. மதிப்பு சுமார் 1 கோடியே 80 லட்சம் கனடா டாலர். பீப்பாய்களைக் கொண்டுபோய்ச் சிரப்பை உறிஞ்சிவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள், பிறகு அதற்கும் சோம்பல்பட்டு காலியாகவே வைத்தார்கள். 2012 ஜூலையில் சரக்கு எண்ண வந்த ஆள் அடுக்கின் மேல் ஏறியபோது ஒரு பீப்பாய் ஆட, குட்டு உடைந்தது. முக்கியக் குற்றவாளிக்கு 2017-ல் 8 வருஷச் சிறை. ஸ்டாக் ஆடிட் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஆனாலும் இந்த ஏற்பாட்டை ஒரேயடியாகத் தூக்கியெறிய முடியாது. மேப்பிள் விளைச்சல் முழுக்க வானிலை கையில். 2020-ல் கியூபெக்கில் சுமார் 17.5 கோடி பவுண்டு. 2021-ல் வசந்தம் சீக்கிரமே சூடாகி, சாறு சீக்கிரம் நின்றுபோய், சுமார் 13.3 கோடி பவுண்டுக்கு இறங்கியது. அந்த வருஷம் கிடங்கிலிருந்து சுமார் 5 கோடி பவுண்டு எடுத்து விட்டார்கள். கிடங்கு இல்லாமல் இருந்தால் ஒரு வருஷம் விலை வானத்துக்கும் அடுத்த வருஷம் பாதாளத்துக்கும் போகும். பாதாளத்துக்குப் போகிற வருஷம் சின்ன விவசாயி என்ன செய்வார்? மரத்தை வெட்டி அறுவை மில்லுக்குக் கொடுப்பார். மறுபடி ஒரு மரம் துளை போடும் பருமனுக்கு வர நாற்பது வருஷம். நெல் மாதிரி அடுத்த போகம் பார்த்துக்கொள்ளலாம் என்பது இங்கே செல்லாது. கோட்டாவில் குறை இருக்கிறது, திருத்தட்டும். குளிர் இரவும் வெயில் பகலும் மாறி மாறி வருகிற நாட்களின் கணக்கே குழம்பி வருகிற காலத்தில், கையிருப்பே வேண்டாம் என்பது புத்தகத்துக்கு மட்டும் சரி.

நிஜத்தின் பக்கமும் ஒரு தப்பாட்டம் உண்டு. மேப்பிள் சிரப்பை ஏதோ மருந்து மாதிரி விற்கிறார்கள். மாங்கனீசு இருக்கிறது, அது இருக்கிறது, இது இருக்கிறது என்று. இருக்கலாம், மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரையும் இருக்கிறதே! 'சேர்த்த சர்க்கரை' என்று சத்துப் பட்டியலில் போட வேண்டும் என்ற பேச்சு வந்தபோது உற்பத்தியாளர்கள் கொதித்துப்போய், 2018-ம் வருஷத்து விவசாயச் சட்டத்தில் அந்த வரியிலிருந்து விலக்கு வாங்கிக்கொண்டார்கள். காய்ச்சும்போது சர்க்கரை எதுவும் சேர்க்கவில்லை என்பது உண்மை. உடம்புக்குள் போனால் அந்த வித்தியாசம் தெரியாது என்பதும் உண்மை. உடம்புக்கு நல்லது என்று நினைத்து யாரும் வாங்க வேண்டாம். ருசிக்காக வாங்கினால் போதும், கொஞ்சமாக ஊற்றினால் போதும். நிஜத்தில் அதுதான் வசதி, 30 மில்லியிலேயே திருப்தி வந்துவிடும்.

எந்த நிஜத்தை வாங்குவது? 2015 வாக்கில் அமெரிக்காவிலும் கனடாவிலும் தரப் பெயர்களை ஒன்றாக்கினார்கள். எல்லாமே 'கிரேடு ஏ'. பொன்னிறம், ஆம்பர், அடர் நிறம், மிக அடர் நிறம் என்று நாலு வகை. பருவத்தின் தொடக்கத்தில் எடுத்தது வெளிர், போகப்போக அடர்த்தி. முன்னே அடர் நிற வகையை 'கிரேடு பி' என்று மட்டமாகப் பேர் வைத்திருந்தார்கள், ஆனால் விஷயம் தெரிந்த சமையல்காரர்கள் அதைத்தான் தேடி வாங்கினார்கள். வாஃபிளுக்கு அடர் நிறம்தான் சரி. வெண்ணெயோடு போட்டி போட வேண்டுமே.

வாஃபிளைப் பற்றியும் இரண்டு வார்த்தை, ஒரேயடியாக மட்டம் தட்டியாகிவிட்டது பாவம். 2 கப் மைதா, 4 டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு ஸ்பூன் சர்க்கரை, உப்பு. ஒன்றேமுக்கால் கப் பால், அரை கப் உருக்கிய வெண்ணெய், 2 மஞ்சள்கரு கலந்து இதில் ஊற்றி, கட்டி கொஞ்சம் இருந்தாலும் பரவாயில்லை என்று விட்டுவிட வேண்டும். ரொம்பக் கலக்கினால் ரப்பர்தான், நைக்கி ஞாபகம் வந்துவிடும். கடைசியில் நுரைக்க அடித்த 2 வெள்ளைக்கருவை மெதுவாகச் சேர்ப்பது. மூடியதும் பக்கவாட்டில் ஆவி வரும். அது அடங்கும் வரை திறக்கக் கூடாது, திறந்தால் இரண்டாகப் பிளக்கும். எடுத்ததை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் புழுங்கிப் போகும், கம்பி வலை மேல் பரப்ப வேண்டும். பொறுமை இருந்தால் மேரியன் கன்னிங்ஹாம் 1987-ல் தன் காலை உணவுப் புத்தகத்தில் பிரபலப்படுத்திய முறை இன்னும் மேல். ராத்திரியே ஈஸ்ட் போட்டு மாவைக் கரைத்து வெளியே வைத்துவிட்டு, காலையில் முட்டையும் சமையல் சோடாவும் சேர்ப்பது. இட்லிக்கு மாவு புளிக்க வைக்கிற வீடுகளுக்கு இதெல்லாம் ஜுஜுபி.

சிரப்பைப் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினால் வாஃபிள் ஆறிவிடும். சின்னப் பாத்திரத்தில் ஊற்றி, சுடுதண்ணீரில் ஐந்து நிமிஷம் வைத்து எடுத்தால் போதும். மூடி திறந்த நிஜ சிரப்பை ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், வெளியே வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பான்கேக் சிரப் பாட்டிலுக்கு அந்தக் கவலை கிடையாது. அலமாரியில் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும், பூஞ்சைகூட அதைத் தொடாது.